பாகம் பிரிக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருங்காட்சியகங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தை நாலு வரியில் முடித்துவிட்டது. மகன் அந்த ஊரில் வேலை பார்ப்பதால் சமீபத்தில் குடும்பத்தோடு போய், காலையில் நுழைந்து மாலையில் கதவடைக்கும் வரை அங்கேயே கிடந்தோம். (வெள்ளிக்கிழமை விடுமுறை. போகிறவர்கள் கவனிக்கவும்.)

அங்கிருப்பதில் பெரும்பகுதி ஒரே மனிதர் வாங்கிச் சேர்த்தது. ஐதராபாத் மன்னர் நிஜாமிடம் திவானாக (முதலமைச்சராக) இருந்த மீர் யூசுப் அலி கான், அதாவது மூன்றாம் சாலார் ஜங். பதவியை விட்ட பிறகு 1949-ல் கண்மூடும்வரை அவருக்கு இதுவே வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளையும் இல்லை. அப்படி ஒருவர் விட்டுப்போன சொத்து என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியாததா? ஆனால் அங்கே 1951-லேயே அவருடைய மாளிகையில் வைத்தே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வாரிசுகளின் வழக்கும் சமரசமாகி, 1958-ல் மத்திய அரசின் கைக்கு வந்தது. இன்று மூசி ஆற்றங்கரையில் நாம் பார்ப்பது அது 1968-ல் இடம்மாறி வந்த கட்டடம்.

பன்னிரண்டு மணிக்கு அங்கிருக்கும் பொம்மைக் கடிகாரத்தின் முன்னால் உட்கார இடமில்லை. உள்ளே ஒரு குட்டிக் கொல்லன் விநாடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே இருக்கிறான். மணியானதும் தாடிக்கார பொம்மை ஒன்று கதவைத் திறந்து வந்து அடித்துவிட்டு உள்ளே போய்விடுகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு மரச்சிலை. முன்னால் பார்த்தால் மிடுக்காக நிற்கும் மெபிஸ்டோபிலிஸ், ஜெர்மானியக் கதையான ஃபாஸ்டில் வரும் சாத்தான். பின்னால் வைத்திருக்கும் கண்ணாடியில் பார்த்தால் அதே கதையில் வரும் பெண், தலைகுனிந்த மார்கரெட்டா. இரண்டும் ஒரே மரத்துண்டில் செதுக்கியவை. இத்தாலியச் சிற்பி பென்சோனி செய்த, பைபிளில் வரும் ரெபெக்கா சிலையின் முகத்திரை பளிங்குதான் என்று என் மனைவியை நம்பவைக்க முடியவில்லை.

இதெல்லாம் பார்த்தபோது எங்கள் ஊர் கீழக்கரைதான் ஞாபகத்துக்கு வந்தது. கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று வியாபாரம் போனவர்கள் கொண்டுவந்த பீங்கான், பர்மாத் தேக்கு அலமாரி, வண்ணக் கண்ணாடி விளக்கு எல்லாம் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு காலத்தில் நிறைந்து கிடந்தன. அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய கையெழுத்துப் பிரதிகளும், சங்கு, முத்து வியாபாரக் கணக்கேடுகளும் உண்டு. மூத்தவர் மௌத்தானதும் (இறந்ததும்) சொத்தைப் பாகம் பிரிக்கிறார்கள். நகைக்கும் நிலத்துக்கும் பத்திரம் எழுதுகிறோம், இந்தச் சாமான்களை யாரும் எழுதுவதில்லை. பழைய சாமான் வியாபாரி லாரியோடு வருகிறார், அலமாரி காரைக்குடிப் பக்கம் போகிறது. ஏட்டைக் கரையான் தின்கிறது. என் மச்சான் வீட்டு அலமாரி போன விலையைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

ராமநாதபுரத்தில் சேதுபதிகளின் இராமலிங்க விலாசம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பதால்தான் அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், பட்டாபிஷேகமும் போர்க்களமும் ஐரோப்பியர் வந்து காணும் காட்சியும், இன்னும் நம் கண்ணில் படுகின்றன. அரண்மனைக்கு ஒரு துறை இருக்கிறது. கடல் வணிகம் செய்த மரைக்காயர் வீட்டுக்கும் சங்கு குளித்தவர் குடிசைக்கும் யார் இருக்கிறார்கள்?

பெரிய கட்டடம் கட்டச் சொல்லவில்லை. அதற்கு அடிக்கல் நாட்டி முடிப்பதற்குள் மிச்சமும் போய்விடும். பாகம் பிரிக்கும் முன் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, யார், எங்கிருந்து கொண்டுவந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்தால் போதும். ஏர்வாடி, தொண்டி, தேவிபட்டினம் வாசகர்களும் அனுப்பினால் வாரம் ஒரு பொருளாக உங்கள் இதழில் வெளியிட முடியுமா? முதலாவதாக, என் பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த வெற்றிலைப் பெட்டியின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கீழக்கரை