மழலையர் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கு,

வணக்கம். சேர்க்கைக் காலம் வந்துவிட்டதால் உங்கள் விளம்பரப் பலகைகள் தெருவெங்கும் தொங்குகின்றன. குளிரூட்டிய வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு, அபாகஸ், யோகா எல்லாம் உண்டு. எல்.கே.ஜி. பிள்ளை குதிப்பதற்கு இடம் எங்கே என்பது மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை. கேட்டால், "மைதானத்துக்கு எங்கே போவது, சார்?" என்கிறீர்கள். உடற்கல்வி ஆசிரியனான எனக்கு அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை.

பிள்ளை குதிக்க வேண்டும் என்பது எலும்பு உறுதிப்படத்தான். அதற்கு மைதானம் வேண்டியதில்லை, தரையில் கால் மோதும் அதிர்வு வேண்டும். குதித்துத் தரையில் இறங்கும் கணத்தில் காலெலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. உள்ளே பதிந்திருக்கும் செல்கள் அதை உணர்ந்து, சுமை விழும் இடத்தைப் பலப்படுத்தச் சொல்லிச் சேதி அனுப்புகின்றன. ஒரே மூச்சில் நெடுநேரம் குதித்தால் அவற்றுக்குச் சலித்துவிடும். இடைவெளி விட்டுச் சில நிமிடங்கள் குதிப்பதே மேல்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 6 முதல் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஒரு பிரிவினர் வாரம் 3 நாள், 61 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து 100 முறை குதித்தார்கள். மற்றவர்கள் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தார்கள். 7 மாதங்களில், இடுப்பருகே தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் சேர்ந்த எலும்புத் தாது (எலும்பைக் கெட்டியாக்கும் கால்சியம் போன்றவை), குதித்தவர்களுக்கு 4.5 விழுக்காடு கூடுதல். யோகாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தில் அதைப் போட்டுவிட்டு உடற்பயிற்சிக் கணக்கை முடித்துவிடாதீர்கள். நீச்சலும் எலும்பைப் பொறுத்தவரை குதிப்பதற்கு ஈடாகாது.

உங்களுக்குப் பெட்டிகூட வேண்டாம். ஒரு சாக்பீஸ், போர்டிகோவில் எட்டடி நீளம், பாண்டிக் கட்டம் தயார். நொண்டி, கயிறு தாண்டுதல், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் பச்சைக்குதிரை. இத்தனை மலிவான உபகரணத்தை எந்த நிறுவனமும் உங்களுக்கு விற்க வராது, அதுதான் அதன் குறை போலும்.

பிள்ளை விழுந்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அவர்களை அழைத்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வைச் சொல்லுங்கள்: 5 வயதில் அதிகம் ஓடியாடிய பிள்ளைகளுக்கு, 8 வயதிலும் 11 வயதிலும் எலும்புத் தாது அதிகமாகவே இருந்தது. சாப்பாட்டு டப்பாவைப் பற்றியும் பேசுங்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த இன்னொரு சோதனையில், ஓடிக் குதித்ததோடு கால்சியமும் போதிய அளவு சேர்ந்தபோதுதான் காலெலும்பின் சுவர் தடித்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் கேழ்வரகு அடை வரட்டும்.

3, 4 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உங்கள் கட்டடத்துக்குள், "கையைக் கட்டு, வாயில் விரல் வை" என்ற கட்டளைக்குக் கீழே கழிகிறது. ஜூனில் ஒட்டப்போகும் கால அட்டவணையில் காலை ஒன்று, மாலை ஒன்று எனப் பத்துப் பத்து நிமிடம் குதிப்பதற்கு ஒதுக்குங்கள். எழுதி முடிக்காத பிள்ளைக்குத் தண்டனையாக அந்த நேரத்தைப் பிடுங்கக் கூடாது என்று ஆசிரியைகளுக்குச் சுற்றறிக்கையும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்