கதவைத் திறந்து அளந்து பார்

திருச்சி,
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

நீ அனுப்பிய வீட்டு வரைபடத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். மதுரை திருநகரில் 30-க்கு 50 அடி மனை. நாற்பது வருட வாடகை வீட்டு வாழ்க்கைக்குப் பிறகு உனக்குச் சொந்த வாசல் வரப்போகிறது என்பதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று எழுதத் தெரியவில்லை. சமையலறை, பூஜையறை எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. கார் ஷெட்டைப் பார்த்தபோதுதான் மனம் கேட்கவில்லை.

9 அடி அகலம், 16 அடி நீளம் என்று போட்டிருக்கிறார் உன் பொறியாளர். என் வீட்டிலும் அதே 9 அடிதான். "கார் தாராளமாக நிற்கும் சார்" என்றார்கள். உண்மைதான், நிற்கிறது. ஆனால் மனிதர் இறங்க வேண்டுமே! ஸ்விஃப்டின் அகலம் 68 அங்குலம். 9 அடி என்பது 108 அங்குலம்; அதில் இது போனால் மிச்சம் 40. ஓட்டுகிறவர் இறங்க இரண்டரை அடி விட்டால் இடப்பக்கம் 10 அங்குலம்தான். அந்தப் பக்கச் சுவரில் கதவின் விளிம்பு பட்டுப் பட்டு, இடுப்பு உயரத்தில் பிறை வடிவத்தில் பூச்சு பெயர்ந்து கிடக்கிறது. இரண்டு முறை பூசியும் அதே இடத்தில் மறுபடி பெயர்ந்துவிட்டது.

என் அம்மா கடைசி இரண்டு வருடமும் தெருவிலேயேதான் இறங்கினார். மழை நாளில் ஒரு கையில் குடை, ஒரு கையில் கேட் கம்பி. நான் காரை உள்ளே விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் சேலைக் கரை நனைந்திருக்கும். ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை. கூரை போட்ட இடம் பத்தடி தூரத்தில் இருந்தும் அவரை அங்கே இறக்க முடியவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை.

உன் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வாக்கருடன் நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதனால் உரிமையோடு சொல்கிறேன். சுவருக்குச் சுவர் உள்ளளவு 11 அடி வை. ஓட்டுகிறவர் பக்கம் 2 அடி போக, அம்மா பக்கம் 3 அடி 4 அங்குலம் கிடைக்கும். கதவை முழுசாகத் திறந்து, வாக்கரை விரித்து நிறுத்தி, நிதானமாக இறங்கலாம். ஹாலில் 2 அடி குறைந்தால் ஒரு நாற்காலி குறையும், அவ்வளவுதான். போர்டிகோ தூண் எங்கே விழுகிறது என்பதையும் கேள். அது காரின் முன்கதவுக்கு நேராக வந்தால் 11 அடி கொடுத்தும் பயனில்லை. நீளம் 18 அடி இருக்கட்டும். நாளை மகன் இன்னோவா அளவில் வாங்கினாலும், அது பதினைந்தரை அடி, பின்னால் ஆள் நடக்க இடம் இருக்கும்.

தங்கச்சி ஷட்டர் கேட்பதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் சம்மதமில்லை. சுருட்டிய தகடு, வாசலுக்கு மேலுள்ள உத்தரமான லிண்டலுக்குக் கீழே ஓர் அடிக்குமேல் உயரத்தைத் தின்னும். மதுரை வெயிலில் உள்ளே அனல் தங்கும். முன்பக்கம் திறந்த ஷெட்டும் காம்பவுண்டில் நல்ல கேட்டும் போதும். ஆனால் உள்ளே திறக்கும் இரட்டைக் கேட் வேண்டாம். ஒவ்வொரு கதவும் ஐந்தரை அடி உள்ளே வீசும், நீ காரை நிறுத்திவிட்டு அதை மூட முடியாமல் நிற்பாய். பக்கவாட்டில் தள்ளும் கேட் போடு. 11 அடி கேட் ஒதுங்கி நிற்க இன்னொரு 11 அடி மதில் வேண்டும். உன் 30 அடி முகப்பில் அது போக, மறு கோடியில் மூன்றரை அடியில் ஆள் போகும் சின்னக் கேட்டும் அமையும். தண்டவாளத்தில் மண் சேரும், வாரம் ஒருமுறை பெருக்க வேண்டும்.

மனையின் இடது மூலையில் மின்கம்பம் நிற்பது புகைப்படத்தில் தெரிகிறது. 20 அடித் தெருவில் காரை வளைத்து உள்ளே விடும்போது அது இடிக்கிற பக்கமா என்று பார்த்துக்கொள். தேவையானால் கேட்டை வலப்பக்கம் மாற்றுவது இப்போது ஒரு பென்சில் கோடு.

தண்ணீர்த் தொட்டியை ஷெட்டுக்குக் கீழேதான் வைப்பார்கள், அதில் தவறில்லை. மூடி மட்டும் சக்கரம் ஏறாத ஓரத்தில், தரையைவிட 3 அங்குலம் உயர்ந்திருக்கட்டும். இல்லையென்றால் தண்ணீர் லாரி வரும் ஒவ்வொரு முறையும் காரை வெளியே எடுக்க வேண்டும், தரை கழுவிய நீரும் குடிநீரில் இறங்கும்.

தெருவைவிட ஷெட் தரை 9 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். சாலை போடப் போட உயர்ந்துகொண்டே வரும். 9 அங்குலத்துக்கு 6 அடி நீளச் சரிவு கொடு, அடிப்பாகம் தட்டாது. அந்தச் சரிவு உன் மனைக்குள்ளேயே முடியட்டும். அங்கிருந்து வீட்டுக்குள் ஏறும் படிகள் ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பக்கத்தில் கைப்பிடி ஒன்று. மகள் மின்சார கார் வாங்கப்போவதாகச் சொன்னாயே, மீட்டர் பலகையிலிருந்து ஷெட் வரை தனிக் குழாய் ஒன்றைச் சுவரிலேயே பதித்துவிடு. வயரைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம்.

இங்கே எல்லோரும் நலம். பேரன் நீச்சல் பழகுகிறான், காவிரியில் இறங்கலாமா என்று தினமும் நச்சரிக்கிறான்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதை அடுத்த திங்கள்வரை நிறுத்தி வை. சனிக்கிழமை மாலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். ஞாயிறு காலை மனையில் சுண்ணாம்புத் தூளால் 11-க்கு 18 கட்டம் போடுவோம். உன் காரை அதற்குள் நிறுத்தி, அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கதவைத் திற. அவர் சிரமமில்லாமல் இறங்கி நின்றால் அதுதான் அளவு. வாக்கரை மறக்காமல் எடுத்து வா.

உன் பழைய அறைத்தோழன்