மெட்னரைக் கேட்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கோலாய் மெட்னரின் பியானோ இசையை எல்.பி. இசைத்தட்டிலேயே கேட்டுவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது நிறைவேறிவிட்டது. உங்கள் தயவு இல்லாமல் நடந்திருக்காது.

பியானோ மேதை எமில் கிலெல்ஸ் வாசித்து, சோவியத் ரெக்கார்ட் கம்பெனியான மெலோடியா வெளியிட்ட தட்டு வந்ததும், வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்கென்று எடுத்து வைத்த கடைக்கார அண்ணனுக்கு முதல் நன்றி. அட்டை முழுக்க ரஷ்ய எழுத்து. வரிவரியாகப் படித்துச் சொன்ன டீச்சர் அம்மாவுக்கும் நன்றி. பிளேயருக்கு பெல்ட்டும் முள்ளும் மாற்றிக் கொடுத்த மெக்கானிக் சார், தட்டைக் கழுவவும் சொல்லிக் கொடுத்தார்: டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, வரிப்பள்ளத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே கூடவே கூடாது. கரகரப்பு பாதிக்கு மேல் போய்விட்டது.

அப்புறம் என் பியானோ மிஸ். தட்டில் இருக்கும் மெட்னரின் பியானோ படைப்பு 'சொனாட்டா ரெமினிசென்சா' கால் மணி நேரம் ஒரே மூச்சாக ஓடுவது. தொடக்கத்தில் தயங்கித் தயங்கி வரும் மெட்டு நடுவிலும் முடிவிலும் திரும்ப வருகிறது. அதை அவர் வாசித்துக் காட்டிய பிறகுதான் முழு அமைப்பும் எனக்குப் பிடிபட்டது. பெரிய ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃப் தன் நான்காவது பியானோ கான்செர்ட்டோவையே (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) மெட்னருக்குக் காணிக்கையாக்கினார். அப்படிப்பட்ட மெட்னரை உலகம் இவ்வளவு மறந்தது அநியாயம்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும்: மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார். 1921-ல் ரஷ்யாவை விட்டு வெளியேறிய மெட்னர், கடைசியில் லண்டனில் உடம்புக்கும் முடியாமல், கையிலும் காசில்லாமல் இருந்தார். 1940களின் பிற்பகுதியில் மகாராஜா பணம் கொடுத்து மெட்னர் சொசைட்டியை ஏற்படுத்தியதால்தான், மெட்னர் தன் மூன்று கான்செர்ட்டோக்களையும் தானே வாசித்து எச்.எம்.வி.யில் பதிவு செய்ய முடிந்தது. மூன்றாவதை மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். 1951-ல் மெட்னர் காலமானார். பின்னாளில் சென்னை மாநில ஆளுநராக இருந்தவரும் இதே உடையார்தான்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தப் பழைய எச்.எம்.வி. தட்டுகள் உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கலாம். ஒன்றே ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள். விலைக்குக் கேட்க மாட்டேன். வந்து ஒருமுறை கேட்டுவிட்டுப் போகிறேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் இசை நண்பன்