எங்கள் அப்பத்தாளுக்கும் அவருடைய மாட்டுப் பட்டிக்கும் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடைய உறவினர்களுக்கும் ஊராருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் அப்பத்தாள் தம் 89ஆம் வயதில் காலமானார். அந்த நாள் முதல் கருமாதி முடியும்வரை எங்கள் தோட்டத்து வீடான சாளையில் அடுப்பு எரிந்ததும், வந்தவர்களுக்குப் பந்தலும் தண்ணீரும் கிடைத்ததும், கட்டுத்தரையில் நின்ற பதினான்கு உருப்படிகளும் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்காமல் இருந்ததும் உங்களால்தான். வீட்டார் அனைவரின் சார்பிலும் அவருடைய பேத்தியாகிய நான் இந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். இதில் வரும் நன்றிகளில் பாதி, மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே அப்பத்தாள் என்னிடம் சொல்லிவைத்தவை. "மறந்துபோடாத கண்ணு, நேர்ல போய்ச் சொல்லோணும்" என்று ஒவ்வொருவரையும் உறவுமுறை சொல்லி அடையாளம் காட்டினார். நேரில் வர முடியாத வீடுகளுக்கு இந்த மடல் முதலில் வருகிறது. நான் பின்னால் வருவேன்.

1954இல் மணமாகி வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. காங்கயம் பக்கத்து ஊதியூர் மலை தெரியும் தொலைவில், மழையை நம்பிய பன்னிரண்டு ஏக்கர் கொரங்காடும், காளை பூட்டிக் கவலை ஏற்றத்தால் நீர் இறைக்கும் ஒரு கிணறும், இரண்டு சோடி காங்கயம் காளைகளும், சாம்பல் நிற மயிலைப் பசுக்கள் சிலவும் அன்றைய எங்கள் சொத்து. கொரங்காட்டை மேய்ச்சல் நிலம் என்று மட்டும் சொன்னால் போதாது. நான்கு புறமும் முள்கிளுவை உயிர்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், அடியில் கொழுக்கட்டைப் புல் என்று தலைமுறைக் கணக்கில் வளர்த்தெடுத்த காடு அது. குறுக்கே வேலி போட்டு அதை நான்காகப் பிரித்திருந்தார்கள். ஒரு பகுதியில் மாடு மேயும்போது மற்ற மூன்றும் ஓய்வில் இருக்கும். எப்போது மாற்றுவது என்று அப்பத்தாள் நாள் கணக்குப் பார்த்ததில்லை. விடியலில் படலைத் திறந்து உள்ளே போவார்; பசு கடித்து விட்டிருந்த புல் தூரைக் கையால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். தூர் அசையாமல் நின்றால் அன்றும் அங்கேதான் மேய்ச்சல். வேர் சற்றே இளகி மண் உதிர்ந்தால் அன்று மாலைக்குள் அடுத்த காட்டின் படல் திறந்துவிடும். அந்தக் கையசைவை எனக்கு ஐந்து வயதில் கற்றுக்கொடுத்தார்.

1978இல் அப்பத்தாளின் கணவரான எங்கள் அப்பாரு இறந்தபோது பட்டியைக் கலைத்துவிடச் சொன்னவர்கள் பலர். அவர்கள் எல்லாரும் எங்கள் நலம் நாடியே சொன்னார்கள். அந்தச் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குத் தம் காளைக்கன்றுகளை அப்பத்தாளே ஓட்டிப் போனார். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசும் அந்தத் திடலில் அன்று பெண்கள் விலை பேசி நின்றதில்லை. ஊரிலிருந்து உடன் வந்த ஒரு தரகர் மாமா, தம் தரகைக்கூட எடுத்துக்கொள்ளாமல், வாங்க வந்தவர் பிடித்த விரலின் கணக்கை அவருக்கு உள்ளபடியே சொல்லி, நியாயமான விலைக்கு முடித்துக்கொடுத்தார். அந்த மாமா இன்று இல்லை. அவருடைய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எங்கள் அப்பாவும் அத்தைகளும் படித்த படிப்பு அந்தச் சந்தையில் கிடைத்த பணத்தில் தொடங்கியது. உங்கள் தந்தையாரின் பெயரைத்தான் அப்பத்தாள் முதலில் சொன்னார்.

கிணற்றுக்கு மின்மோட்டார் வந்து கவலை இறைப்பு நின்றது. உழவுக்கு டிராக்டர் வந்தது. நாளுக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் கறக்காத நாட்டுப் பசுவை விட்டுக் கலப்பினப் பசுவுக்கு மாறுவதுதான் வரவு தரும் என்ற பேச்சும் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாரே தவிர, இனப்பெருக்கத்துக்கான பூச்சிக்காளையைத் தேடி இருபது கிலோமீட்டர் பசுவை நடத்திக்கொண்டு போவதை அவர் நிறுத்தவில்லை. அப்படிப் போன நாள்களில் வழிச்சாளைகளில் அவருக்குச் சோறும் பசுவுக்குச் சோளத்தட்டும் தண்ணீரும் கொடுத்த குடும்பங்கள் சில இருக்கின்றன. உங்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அத்தனையும் நினைவிருந்தது.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மறு சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததே, அந்த ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் கிணறு வற்றிப் பாறை தெரிந்தது. கோடையில் ஒரு மாடு நாளுக்கு நாற்பது லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். அப்போது பட்டியில் பதினோரு மாடுகள் இருந்தன. மேற்குத் தோட்டத்து மாமா, தம் ஆழ்துளைக் கிணற்றிலும் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வந்த நிலையில், இரவு மின்சாரம் வரும் நேரம் பார்த்து எழுந்து, முதலில் எங்கள் தொட்டியை நிரப்பிவிட்டு அதன்பிறகே தம் தென்னைக்கு நீர் திருப்பினார். இது ஐந்து மாதங்கள் நடந்தது. அவருடைய தென்னையில் பதினேழு மரங்கள் அந்தக் கோடையில் பட்டுப்போயின. மாமா, நீங்கள் இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பட்ட மரங்களை எண்ணி வைத்திருந்தவர் அப்பத்தாள். அதே கோடையில் உலர்தீவனக் கிடங்கில் விடியும் முன்பே வரிசையில் நின்று எங்களுக்கும் சேர்த்து வைக்கோல் வாங்கி வந்த தம்பிக்கும், வாடகை வாங்காமல் வண்டி ஓட்டிக் காவிரிக் கரையிலிருந்து ஒரு பாரம் வைக்கோல் கொண்டுவந்து இறக்கிய அண்ணனுக்கும், வெள்வேலங்காய் உதிர்ந்த காலத்தில் அதைப் பொறுக்கி மூட்டை கட்டி எங்கள் செம்மறிகளுக்குக் கொடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள் என்று அறிந்து மகிழ்கிறேன்.

பின்னர் தோல் கழலை நோய் வந்தபோது, இரண்டு கிடேரிகளின் உடல் முழுவதும் கட்டிகள் எழும்பிப் புல்லை ஏறிட்டும் பார்க்காமல் நின்றன. கால்நடை மருந்தக மருத்துவர் அம்மையார் தம் பணி நேரம் முடிந்த பிறகும் மூன்று இரவுகள் தொடர்ந்து வந்து ஊசி போட்டார். அவர் சொன்னபடியே வெற்றிலையும் மிளகும் கல்லுப்பும் அரைத்து, வெல்லம் கலந்து, சிறிது சிறிதாக நாக்கில் தடவிக் கொடுப்பதற்கு, ஊரிலிருந்து நான்கு அத்தைமார் முறை வைத்து வந்தார்கள். ஆட்டுரலை ஆட்டும் வலு அப்பத்தாளுக்கு அப்போது இல்லை. அரைத்த கைகளின் காரம் இரண்டு நாள் போகவில்லை என்று ஓர் அத்தை சொன்னது நினைவிருக்கிறது. இரண்டு கிடேரிகளும் பிழைத்தன. ஒன்று இப்போது இரண்டாம் ஈத்துச் சினையாக நிற்கிறது.

கடைசி நான்கு மாதங்கள் அப்பத்தாள் கோவையில் மருத்துவமனையிலும் எங்கள் வீட்டிலுமாக இருந்தார். அங்கே அவரைத் தூக்கி உட்கார வைத்து, தலை வாரி, தம் சொந்தப் பாட்டியைப் போலப் பேசிக்கொண்டிருந்த செவிலியர் இருவருக்கும் எங்கள் நன்றி. தினமும் மாலையில் தோட்டத்திலிருந்து பண்ணையத்துத் தம்பி கைப்பேசியில் அழைப்பார். அப்பத்தாள் கேட்கும் முதல் கேள்வி "தண்ணி காட்டியாச்சா?" என்பதாகத்தான் இருக்கும். தம்பி கைப்பேசியைத் தொட்டியருகே கொண்டுபோய், மாடுகள் தண்ணீரை உறிஞ்சும் ஓசையைக் கேட்க வைப்பார். அதைக் கேட்ட பிறகே அவர் கஞ்சி குடிப்பார். தம்பி, இதை உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்களாகவே செய்தீர்கள். மயிலைப் பசுவின் அடுத்த ஈத்தில் கிடேரி பிறந்தால் அது உங்கள் வீட்டுக்கு என்று அப்பத்தாள் சொல்லிச் சென்றிருக்கிறார். நாங்கள் அதைக் காப்பாற்றுவோம்.

பட்டி என்னவாகும் என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பலரும் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். விற்கவில்லை. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்கே குடிவந்துவிட்டார்கள். வரும் தையிலும் மாட்டுப் பொங்கலன்று மாலையில் சாணத்தால் தெப்பக்குளம் கட்டி, மாடுகளைப் பட்டி மிதிக்க விடுவோம். வழக்கம்போல எல்லாரும் வர வேண்டும். உடைந்த வேலியைப் புதுப்பிக்கக் கிளுவைப் போத்துகள் வேண்டியவர்கள் மழைக்கு முன் வந்து வெட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. துக்க நாள்களில் நீங்கள் சோறும் குழம்பும் கொண்டுவந்த பாத்திரங்களில் ஏழு பித்தளைத் தூக்குகளும் இரண்டு எவர்சில்வர் குண்டாக்களும் எங்கள் சாளையிலேயே இருக்கின்றன. அவற்றில் மூன்றில்தான் பெயர் வெட்டியிருக்கிறது. அப்பத்தாள் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுத்தவர் அல்லர். ஆகையால் ஒவ்வொன்றிலும் இந்த ஆண்டு உருவிய கொழுக்கட்டைப் புல் விதையை நிரப்பித் திண்ணையில் வைத்திருக்கிறோம். தங்கள் பாத்திரத்தை அடையாளம் பார்த்து எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில்,
பேத்தி