கையால் பூட்டிய கார்

ஆசிரியருக்கு வணக்கம்ங்க. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கையால் பாகம் பாகமாகப் பூட்டியதுதான் உசத்தி, தொழிற்சாலை வரிசையில் ஆயிரக்கணக்கில் வருவதெல்லாம் மட்டம் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிற எனக்கு இதில் பாதிதான் சம்மதம்.

இங்கிலாந்தின் மோர்கன் கம்பெனியில் இன்றும் மரச்சட்டத்தை ஆட்கள் இழைத்துத்தான் உடல்கூடு கட்டுகிறார்கள், ஜெர்மனியின் ஏஎம்ஜி-யில் (மெர்சிடிஸ் பென்ஸின் வேகக் கார் பிரிவு) ஒரே ஆள் ஒரு இன்ஜினை முழுசாகப் பூட்டி அதில் தன் கையெழுத்துத் தகட்டையும் பதிக்கிறார், அதெல்லாம் அழகுதான். ஆனால் அந்த ஏஎம்ஜி ஆள் கையில் எடுக்கிற பிஸ்டனும் பேரிங்கும் மெஷினில் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் கடைந்து வந்தவை. அளவு சரியாக வராத உருப்படியை அரம் போட்டுத் தேய்த்து உட்கார வைப்பது பிட்டரின் கெட்டிக்காரத்தனம், சரி, ஆனால் நாலு வருஷம் கழித்து அந்தப் பாகம் தேய்ந்தால் புதுசு அதில் உட்காராது (என் பட்டறையிலேயே இப்படி ஒரு பம்ப் மூன்று தடவை திரும்பி வந்தது, கூலி கேட்க வாய் வரவில்லை).

ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்கிற இரண்டு சீட் கார் பத்து லட்சத்துக்கு மேல் வரிசையில் வந்த வண்டி, அதை ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று யார் சொல்வது?

நம்ம கோயமுத்தூர் பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான் பந்தயக் கார் கட்டினார். தொழிற்சாலை இன்ஜின், கையால் கட்டிய சட்டம். செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பேர்தான் இருக்கிறது.

- ஒரு லேத் பட்டறைக்காரன், கணபதி, கோவை