மாஞ்சோலைக் கணக்கில் ஆள் குறைகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம திருநெல்வேலி ஜில்லாவில் பாம்பே பர்மா கம்பெனி தேயிலைத் தோட்டம் நடத்திய மாஞ்சோலை மலை, மறுபடியும் காடாகப் போகிறது என்று நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல சேதிதான். மணிமுத்தாறு தண்ணீரில் விளைந்ததைத் தின்கிறவன் நான், மேலே காடு இருந்தால்தான் கீழே எனக்குச் சோறு. ஆனால் கட்டுரை முழுக்கப் புலி இருக்கிறது, கம்பெனி இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. கொழுந்து பறித்தவர்கள் மட்டும் 'தொழிலாளர்கள் வெளியேறினர்' என்று ஒரே வரியில் வந்து போய்விடுகிறார்கள்.

மலைக்குக் கீழே அம்பையில் (அம்பாசமுத்திரம்) ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2024 ஜூனில் விருப்ப ஓய்வு என்று வேலை முடிந்த சமயத்தில், மேலே இருந்து வரும் பஸ்ஸை விட்டு இறங்கியவர்களில் பாதிப் பேர் கடைக்குத்தான் வந்தார்கள். மேலே ஊத்து எஸ்டேட்டில் இருந்த ஆச்சி ஒருத்தர் ஜவுளிக்கடைப் பை நிறையக் காகிதம் கொண்டுவந்தார். மலை ஈரம் ஏறி ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி, மெஷின் கண்ணாடியில் வைத்தால் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. "எங்க தாத்தா காலத்துல இருந்து மேலதான் இருக்கோம்யா, அதுக்கு இதுல ஏதாவது இருக்கான்னு பாரு" என்றார். பார்த்தேன். இருந்ததிலேயே பழசு அவர் அப்பாவின் பி.எஃப். சீட்டு. தாத்தாவுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அவர் தேடியது சும்மா இல்லை. 2006 வன உரிமைச் சட்டப்படி பழங்குடி அல்லாதவர் உரிமை கேட்டால், 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். கழித்துப் பாருங்கள், 1930 டிசம்பர் வருகிறது. சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டதே 1929-ல்தான்! அந்த ஒன்றிரண்டு வருஷத்துக்குள் தாத்தா மலை ஏறியிருக்க வேண்டும், அதற்குச் சாட்சியும் வேண்டும். போதாததற்கு, காட்டை நம்பிப் பிழைத்தவர் என்றும் காட்ட வேண்டும். கம்பெனித் தேயிலையில் கூலி வாங்கியவர் அதை எங்கே போய்க் காட்டுவார்?

தோட்டத் தொழிலாளருக்கென்று 1951-ல் வந்த சட்டம், வீடும் ஆஸ்பத்திரியும் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான், ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போன அன்றைக்கே, நாலு தலைமுறை பிறந்து வளர்ந்த லைன் வீட்டிலும் (கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடு) உரிமை போச்சு. குத்தகைப் பத்திரம் ஜமீனுக்கும் கம்பெனிக்கும் நடுவில், ஜமீன் ஒழிந்த பிறகு அரசுக்கும் கம்பெனிக்கும் நடுவில். 2018-ல் காப்புக்காடு என்று அறிவித்தது அரசு. இது எதிலும் கைநாட்டு வைக்காதவர்கள் இவர்கள்தான். கூலி உயர்வு கேட்டு ஊர்வலமாக வந்து, 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர் போனதே, அந்த ஒரு நாள்தான் நம்ம ஜில்லாவுக்கு இவர்கள் ஞாபகம் வருகிறது.

வேலூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகள் தண்ணீரைக் கெடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்றது. மண்ணையும் தண்ணீரையும் சரிசெய்வதோடு அந்தச் செலவு முடியவில்லை, பாதிக்கப்பட்ட மனிதருக்கான இழப்பீட்டையும் அதில் சேர்த்துத்தான் சொன்னது. தேயிலை போட்டது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை, அன்றைக்கு அது சட்டப்படி நடந்த தொழில். ஆனால் காட்டைப் பழையபடி ஆக்கும் செலவைக் கணக்குப் பார்க்கும்போது இங்கே மட்டும் மனிதர் ஏன் விட்டுப்போகிறார்? தொழில் செய்கிறவர்கள் மனித உரிமையை மதிக்க வேண்டும் என்று ஐ.நா. 2011-ல் நெறிமுறைகள் கொண்டுவந்தது, அது யாரையும் கட்டுப்படுத்தாது என்பதும் நமக்குத் தெரியும்.

அரசின் தேயிலைக் கழகமான டான்டீ தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்ற மனுக்களை 2024 டிசம்பரில் ஹைகோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது. சரி, தேயிலை இனி இல்லை. ஆனால் கவாத்து செய்யாமல், அதாவது வெட்டி மட்டமாக வைக்காமல், விட்டால் தேயிலை மரமாக உயர்ந்துவிடும், பழைய சோலைக்காடு தானாக வந்துவிடாது. அதைத் திருப்ப வருஷக்கணக்கில் ஆள் வேண்டும். எந்தச் சரிவில் ஊற்று, எந்தப் பக்கம் ஆனைத்தடம் என்று இவர்களை விட யாருக்குத் தெரியும்? அந்த வேலையைக் கூலியோடு இவர்களுக்குக் கொடுங்கள், அப்புறம் கீழே வீட்டோடு மண்ணுக்கும் பட்டா கொடுங்கள். இதையும் ஒரு கட்டுரையாக நீங்கள் எழுத வேண்டும்.

இன்னொன்று. அந்த பி.எஃப். சீட்டின் அசலை மெஷினிலேயே விட்டுவிட்டு ஆச்சி பஸ் ஏறிவிட்டார். கடையில் பத்திரமாக வைத்திருக்கிறேன், இதைப் படிக்கிற யாராவது சொல்லி அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
அம்பாசமுத்திரம்