கடலுக்கடியில் செயற்கைக்கோள் வழிகாட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வெளிவந்த நீர்மூழ்கிக் கப்பல் கட்டுரையில், ‘பம்பரம் போலச் சுழலும் ஒளியிழை ஜைரோஸ்கோப், செயற்கைக்கோள் தகவலைக் கொண்டு கடலுக்கடியில் வழிகாட்டுகிறது’ என்றொரு வாக்கியம் இருந்தது. (ஜைரோஸ்கோப் என்பது கப்பல் திரும்புவதை அளக்கும் கருவி.) ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகளை அடக்கிய திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

தாங்கள் அறியாததல்ல, செயற்கைக்கோளின் ரேடியோ அலையைக் கடல்நீர் விழுங்கிவிடும். அதைப் பெற வேண்டுமானால் கப்பல் மேலெழும்பி ஆன்டெனாவை நீருக்கு வெளியே நீட்ட வேண்டும். ஒளிந்திருப்பதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் அதை எத்தனை முறைதான் செய்யும்? அமெரிக்காவின் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் 1958 ஆகஸ்டில் பனிக்கு அடியிலேயே வடதுருவத்தைக் கடந்தது. ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டதோ 1978இல். கப்பல் திரும்புவதை ஜைரோஸ்கோப்பும், வேகம் மாறுவதை முடுக்கமானியும் அளந்து சொல்ல, புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிட்டுக்கொண்டே சென்றதால்தான் அது இயன்றது.

சுழல்வது பழைய வகை ஜைரோ. கடற்படையின் மின்பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், கப்பல் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே ஜைரோ திசைகாட்டியை ஓடவிட்டாக வேண்டும். இல்லையேல் அது வடக்கில் நிலைகொள்ளாது. பேரிங் தேய்ந்து முனகத் தொடங்கினால் எங்கள் உறக்கம் போய்விடும். ஒளியிழை வகையில் சுழலும் பாகமே கிடையாது. ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, நெடுநீள இழைச் சுருளுக்குள் எதிரெதிர்த் திசைகளில் அனுப்புகிறார்கள். கப்பல் திரும்பினால், திரும்பும் திசையில் செல்லும் ஒளி மிகச் சிறிதளவு பிந்தி வருகிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டே திருப்பத்தை அறிகிறார்கள். இதன் அடிப்படையை சான்யாக் என்ற பிரெஞ்சு அறிஞர் 1913இலேயே சோதித்துக் காட்டிவிட்டார். மணிக்கு 15 டிகிரி என்ற பூமியின் சுழற்சியைக் கூட உணர்ந்து வடக்கைக் காட்டும் அந்தச் சுருள், ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் இல்லாத திருப்பத்தை இருப்பதாகக் காட்டும் என்பதற்காக, இழையை நடுவிலிருந்து இருபுறமும் சமச்சீராகச் சுற்றுகிறார்கள். எழுதத்தக்க செய்தி அதுவே; தங்கள் கட்டுரையாளருக்குப் பம்பரம் போதுமாக இருந்திருக்கிறது.

முன்பொரு முறை, நீரில் மூழ்கிய கப்பலை ரேடார் கொண்டு தேடுவதாகத் தங்கள் இதழ் எழுதியபோது, அது ஒலியலை கொண்டு தேடும் சோனாரின் வேலை என்று விளக்கி நீண்ட கடிதம் அனுப்பினேன். மரியாதைக்காக நான் எழுதியிருந்த ‘கட்டுரை கண்டேன், மகிழ்ச்சி’ என்ற முதல் வரியை மட்டும் வாசகர் கருத்தாக அச்சிட்டீர்கள். ஊரில் இன்றும் சிலர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாங்காய் விலையில் ஒரு ரூபாய் பிசகினால் மறுநாளே திருத்தம் வெளியிடும் தாங்கள், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்குக் கடலைப் பற்றி எதைச் சொன்னாலும் செல்லும் என்று எண்ணிவிட்டீர்களா? கடற்படைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். தங்கள் இணைப்பிதழைக் கத்தரித்து ஒட்டி வைப்பவர்களும் அவர்களே.

வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் ஒன்றை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இம்முறை முதல் வரியில் மகிழ்ச்சி எதையும் நான் தெரிவிக்கவில்லை என்பதையும் கவனிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை ஊழியர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.